கிருஷ்ணாயில் குடிச்ச போட் மோட்டார்

"சாத்தூர்ல ஏதுய்யா போட் மோட்டாரு?" அப்படின்னு நீங்க கேக்கறது இங்க வரைக்கும் கேக்குது. நியாயமான கேள்விதான். எங்க ஊர்ல வைப்பாறுன்னு ஒரு ஆறு இருக்கு. மழை பேஞ்சா ஓடும், மத்த நாள்ல மணல்தான். அதுல போட் விடணும்னா போட்டுக்கு நாலு சக்கரம் மாட்டணும். ஊர்ப் பெருமைன்னு சொல்லணும்னா காராச்சேவு, வெள்ளரிக்காய், அந்தக் காலத்துல பேனா நிப்பு. போட் மோட்டார் இந்த லிஸ்ட்ல எங்கயும் வராது.

ஆனா வந்துச்சு. ரெண்டு வருசம் முன்னாடி பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தப்ப, மாமாவோட பட்டறை வாசல்ல சாக்கு சுத்தி ஒண்ணு படுத்துக் கெடந்துச்சு. மாமாவுக்கு டூவீலர் பட்டறை. அதுக்கு முன்னாடி சின்ன வயசுல நிப்பு பட்டறையில வேலை பாத்தவரு. பால்பாயிண்ட் பேனா வந்து நிப்புத் தொழில் படுத்ததும், அரத்தை வச்சுட்டு ஸ்பேனரை எடுத்தாரு. சுத்துப்பட்டியில டிவிஎஸ் 50, எஸ்டி, ராஜ்தூத்னு டூ ஸ்ட்ரோக் வண்டி வச்சிருந்தவங்க பாதிப்பேர் அவருகிட்டதான் வருவாங்க. அந்தப் பேரு எப்படியோ வைப்பாறு போற வழியிலேயே போய், ஆறு கடல்ல சேர்ற இடத்துக்குப் பக்கத்துல இருக்கற வைப்பார் கிராமம் வரைக்கும் போயிடுச்சு. ஆத்துத் தண்ணி போகுதோ இல்லையோ, மெக்கானிக் பேரு போயிருக்கு :-)

கொண்டு வந்தவர் அந்தக் கடற்கரைக்காரர். சின்ன வள்ளம் வச்சு மீன் பிடிக்கிறவர். மோட்டார் செகண்ட் ஹேண்டா, தேர்ட் ஹேண்டான்னு அவருக்கே தெரியாது. கன்னியாகுமரிப் பக்கம் வாங்கினாராம். பெயர்த்தகடு உப்புல அரிச்சுப் போய் எழுத்தே இல்ல. ரெண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், இருபத்தஞ்சு குதிரைத்திறன் இருக்கலாம்னு மாமா சொன்னாரு.

"ஸ்டார்ட் ஆகுது அண்ணாச்சி. மெதுவா ஓடுனா ஓடுது. ஆக்ஸிலேட்டரைத் திருகுனா சத்தம்தான் வருது, வள்ளம் போவ மாட்டேங்குது. போன வாரம் காத்து கிளம்பிருச்சு. கரை கண்ணுக்குத் தெரியுது, வந்து சேர முடியல. ரெண்டு மணி நேரம் ஆச்சு."

கடைசி ரெண்டு வாக்கியத்தை அவர் சாதாரணமாத்தான் சொன்னாரு. எனக்குத்தான் சரக்குன்னு இருந்துச்சு. எங்க ஊர்ல வண்டிக்குப் பிக்கப் இல்லன்னா ஏத்தத்துல இறங்கித் தள்ளிக்கலாம். கடல்ல இறங்கித் தள்ள முடியுமா?

*

மாமா எப்படிப் பாத்தாருன்னு சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். இந்த மோட்டாரோட வரலாறு தெரிஞ்சாத்தான் கடைசியில அவர் கண்டுபிடிச்சது புரியும்.

அவுட்போர்டுங்கறது எஞ்சின், கியர், ப்ரொப்பல்லர் மூணும் ஒரே துண்டா, வள்ளத்தோட பின்பக்கம் மாட்டிக் கழட்டற மாதிரி இருக்கற சமாச்சாரம். அமெரிக்காவுல கேமரூன் வாட்டர்மேன்னு ஒருத்தர் 1905 வாக்குலயே இதைச் செஞ்சு பாத்தாரு. ஆனா பேரு வாங்கினது ஓலே எவின்ரூட். நார்வேயில பொறந்து மில்வாக்கியில குடியேறினவர். வெயில்ல காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்கிக்கிட்டுத் துடுப்புப் போட்டு ஏரியைக் கடக்கறதுக்குள்ள ஐஸ்கிரீம் உருகிப் போச்சாம், அந்தக் கடுப்புல பொறந்ததுதான் மோட்டார்னு ஒரு கதை சொல்வாங்க. கதை எப்படியோ, 1909-ல் அவர் விற்க ஆரம்பிச்ச மோட்டார் ஒன்றரைக் குதிரைத்திறன், 62 பவுண்டு எடை, 62 டாலர் விலை. 1920-களில் ஜான்சன் சகோதரர்கள் எடையைக் குறைச்சாங்க. 1960-ல் யமஹா தன்னோட முதல் அவுட்போர்டைக் கொண்டு வந்துச்சு. எவின்ரூட் பேர்ல வந்த மோட்டார் தயாரிப்பு 2020-ல் நின்னே போச்சு.

இந்த மோட்டார்கள் ரொம்ப காலத்துக்கு டூ ஸ்ட்ரோக்தான். எடை கம்மி, வால்வு கிடையாது, ஒரு ஸ்பேனர் செட்டும் ஒரு பிளக்கும் கையில இருந்தா நடுக்கடல்லயும் சமாளிக்கலாம். ஆனா டூ ஸ்ட்ரோக்ல ஆயிலைப் பெட்ரோல்லயே கலந்து எரிக்கணும். பழைய மோட்டார் சிலதுல 10 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில், பிற்காலத்துல 50-க்கு 1. எரியற ஆயில் முழுசா எரியாது, கரியாத் தங்கும். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

இதெல்லாம் ஞாயித்துக்கிழமை ஏரியில தூண்டில் போடறவங்களுக்காகச் செஞ்ச மோட்டார். நம்ம கடற்கரைக்கு வேற வழியா வந்துச்சு. 1953-ல் கொல்லம் பக்கம் நீண்டகரையில இந்தோ-நார்வே திட்டம் தொடங்கினப்ப (மறுபடியும் நார்வே!), உள்ளூர் வள்ளத்துலயே எஞ்சின் வைக்கலாம்னுதான் முதல்ல யோசிச்சாங்க. அது சரிப்படாம, எஞ்சின் வச்ச புது மாதிரிப் படகுகளுக்குப் போயிட்டாங்க. அந்த வழி போய்ப் போய் ட்ராலர்ல முடிஞ்சுது. வள்ளமும் கட்டுமரமும் பாயை நம்பியே இருந்துச்சு.

ட்ராலர் கரைக்குப் பக்கத்துலயே வந்து அரிச்சுட்டுப் போக ஆரம்பிச்சதும், பாய் வச்சவன் என்ன பண்ணுவான்? தூரமாப் போகணும், வேகமாப் போகணும். 1980-களோட தொடக்கத்துல கேரளக் கரையில அவுட்போர்டு மளமளன்னு பரவினது இப்படித்தான். யாரும் ஆசைப்பட்டு வாங்கல, வேற வழியில்லாம வாங்கினாங்க. முட்டத்துல பியர் ஜில்லேங்கற பெல்ஜியக்காரர் மீனவர்களோட சேர்ந்து ஒட்டுப்பலகைப் படகு கட்டினதும் அந்தக் காலம்தான். 1980-ல் திருவனந்தபுரத்துல உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு (சுருக்கமா சிஃப்ஸ்) மோட்டார் விற்பனையும் ரிப்பேர் பட்டறையும் நடத்துச்சு, கன்னியாகுமரி மாவட்டம் வரைக்கும். எங்க மாமா பட்டறைக்கு வந்த மோட்டாரும் அந்தப் பக்கத்துச் சரக்குதான்.

*

சரி, பட்டறைக்கு வருவோம்.

முதல்ல மாமா சிமெண்ட் தொட்டியை ரொப்பி மோட்டாரைத் தொட்டிச் சுவர்ல மாட்டினாரு. அவுட்போர்டைத் தண்ணியில்லாம ஓட்டவே கூடாது. கீழ ஒரு ரப்பர் இறக்கை தண்ணியை உறிஞ்சி எஞ்சினைக் குளிர வைக்குது. காய்ஞ்சு ஓடுனா அந்த ரப்பர் ஒரு நிமிசத்துல பொசுங்கிரும், அப்புறம் எஞ்சின். கயிறு இழுத்தாரு, மூணாவது இழுப்புல பிடிச்சுக்கிச்சு. தண்ணி பீச்சற ஓட்டையில நல்லாப் பீச்சுது. குளிர்ச்சி ஓகே.

நான் பெங்களூர்ல பொட்டி தட்டறவன். மெக்கானிக்கல் படிச்சுட்டு சாஃப்ட்வேர்ல ஆணி புடுங்கற லட்சக்கணக்கான ஆளுகள்ல ஒருத்தன். காலேஜ்ல கார்னோ சைக்கிள் எழுதி பாஸ் பண்ணவன்ங்கற தைரியத்துல, "கார்பரேட்டரைக் கழட்டிருவோமா மாமா?"ன்னேன்.

"கழட்டறது கடைசி மருமவனே. மொதல்ல கேக்கணும்."

ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஒரு பிளக் வயரை இடுக்கியால உருவினாரு. சத்தம் இறங்குச்சு. திருப்பி மாட்டிட்டு அடுத்ததை உருவினாரு. அதே அளவு இறங்குச்சு. ரெண்டு சிலிண்டரும் வேலை செய்யுதுன்னு அர்த்தம். ஒண்ணை உருவியும் சத்தம் மாறலேன்னா அந்த சிலிண்டர் ஏற்கெனவே செத்துப்போச்சுன்னு வச்சுக்கலாம்.

அடுத்து எரிபொருள். டேங்க் மூடியில காத்து ஓட்டை அடைச்சிருந்தா, கொஞ்ச நேரம் நல்லா ஓடி அப்புறம் இழுவை போயிரும். மூடியைத் திறந்து வச்சுப் பாத்தாரு, மாற்றமில்ல. குழாய் நடுவுல இருக்கற ரப்பர் பல்பை, மோட்டார் திணறும்போது கையால அமுக்கினாரு. அமுக்கும்போது பவர் திரும்பி வந்தா ஃப்யூல் பம்போ குழாயோதான் குற்றவாளி. அதுவும் இல்ல.

அடுத்து ப்ரொப்பல்லர். அவுட்போர்டு ப்ரொப்பல்லருக்கு நடுவுல ஒரு ரப்பர் புஷ் இருக்கும். பாறையில அடிச்சா கியர் உடையாம இருக்கறதுக்கு. அது வழுக்க ஆரம்பிச்சா எஞ்சின் அலறும், வள்ளம் நகராது. "சத்தம்தான் வருது, போவ மாட்டேங்குது"ன்னு அவர் சொன்னதும் எனக்கு இதுமேலதான் சந்தேகம். மாமா மையத்துலயும் புஷ்லயும் சாக்பீஸால ஒரே கோடு போட்டு, தொட்டியில ஓட்டாம கையால கட்டையைக் குறுக்கக் கொடுத்து நெம்பினாரு. கோடு விலகல.

அடுத்து கரண்டு. ஃப்ளைவீலுக்கு அடியில காண்டாக்ட் பாயிண்ட். பழைய மோட்டார்கள்ல இந்த இடைவெளி 20 தவ், அதாவது ஒரு இஞ்சுல ஆயிரத்துல இருபது பங்கு வாக்குல இருக்கும். மாமா வெறுங்கண்ணால பாத்து "பதினெட்டு"ன்னாரு. பில்லர் கேஜ் வச்சுப் பாத்தேன். பதினெட்டு. "நிப்பு நாக்குல கீறல் போட்ட கை இது"ன்னு சிரிச்சாரு. சரி பண்ணினோம். பவர் வரல.

கடைசியா கம்ப்ரஷன். கேஜ் வச்சு இழுத்தா மேல 80, கீழ 80. எனக்கு ஒரே குஷி. "ரிங் தேய்ஞ்சு போச்சு மாமா, கம்ப்ரஷன் கம்மி, கேஸ் முடிஞ்சுது!"

மாமா அசையல. "தேய்ஞ்சா ரெண்டும் ஒரே மாதிரியா தேயும்? ஒண்ணு அறுபது, ஒண்ணு தொண்ணூறுன்னு இருந்தா தேய்மானம். ரெண்டும் எண்பதுன்னா யாரோ வேணும்னே வச்சிருக்கான்."

ஹெட்டைக் கழட்டினா, கேஸ்கெட் ஒண்ணுக்கு மேல ஒண்ணா ரெண்டு! யாரோ ஒரு மெக்கானிக், எந்தக் கரையிலயோ, எந்த வருசத்துலயோ, கம்ப்ரஷனைக் குறைக்கணும்னே அளவெடுத்து வச்சிருக்காரு. மாமா உள்ள விரலை விட்டுக் கரியைத் தடவி மோந்து பாத்தாரு.

"கிருஷ்ணாயில்ல ஓடுன வண்டி."

*

இங்கதான் நம்ம ஊர் வரலாறு வருது.

பெட்ரோல் விலை மீனவனுக்கு என்னிக்குமே எட்டாது. மண்ணெண்ணெய் மானிய விலையில கிடைச்சுது. அதனால கேரளத்துலயும் குமரியிலயும் பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்குக் குழாயை மாத்தி ஓட்டறதுங்கறது வழக்கமாவே ஆயிருச்சு. யமஹா மாதிரிக் கம்பெனிகள் மண்ணெண்ணெய்க்குன்னே தனி மாடல் போட்டாங்க.

மண்ணெண்ணெய்க்கு ரெண்டு குணம். ஒண்ணு, குளிர்ச்சியா இருந்தா ஆவியாகாது, அதனால அதுல ஸ்டார்ட் ஆகாது. ரெண்டு, ஆக்டேன் ரொம்பக் கம்மி. அழுத்தி நெருக்கினா கண்டபடி வெடிச்சு பிஸ்டனை ஓட்டை போட்டுரும். ஆகவே நெருக்கத்தைக் குறைக்கணும். நெருக்கம் குறைஞ்சா பவர் குறையும். தொழிற்சாலையில செஞ்ச மண்ணெண்ணெய் மாடலும் இதைத்தான் செய்யுது, நம்ம ஊர் மெக்கானிக் ரெண்டாவது கேஸ்கெட் வச்சும் இதைத்தான் செஞ்சாரு.

இது மீனவர் மட்டும் கண்டுபிடிச்ச தந்திரமும் இல்ல. இங்கிலாந்துல ஃபெர்குசன் ட்ராக்டர்லயே பெட்ரோல்ல கிளப்பி மண்ணெண்ணெய் மாதிரி ஒரு மலிவு எண்ணெயில ஓடற மாடல் இருந்துச்சு. நம்ம கரிசக்காட்டுக் கிணத்துமேட்டுல நின்ன "பெட்ரோல் ஸ்டார்ட் கெரசின் ரன்" பம்புசெட்டும் அதே சாதிதான். மாமா அதுல கை வச்சவரு, அதான் மோந்து பாத்ததும் தெரிஞ்சுது. இரண்டாம் உலகப் போர்ல பெட்ரோல் ரேஷன் வந்தப்ப, பஸ்ஸுக்குப் பின்னாடி அடுப்பு கட்டிக் கரி வாயுவுல ஓட்டினாங்க. ஏத்தம் வந்தா ஜனங்க இறங்கித் தள்ளின கதையை நம்ம தாத்தாமாருக நிறையச் சொல்லிருக்காங்க.

கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கற நண்பர்களுக்கு நான் சொல்லவே வேணாம். 1990-ல் சண்டை மறுபடி தொடங்கி, யாழ்ப்பாணத்துக்குப் பெட்ரோல் தடை செய்யப்பட்டப்ப, மோட்டார் சைக்கிளும் பழைய மொரிஸ் மைனரும் ஏ40-யும் மண்ணெண்ணெயில ஓடுச்சு. சின்னப் போத்தல்ல பெட்ரோலை வச்சுக் கார்பரேட்டருக்குள்ள நாலு சொட்டு பீச்சி ஸ்டார்ட் பண்ணி, அப்புறம் மண்ணெண்ணெய். புதுக் காரை விட அந்தப் பழைய கார்களுக்கு அது ஒத்துப்போனதுக்குக் காரணம் மாமா சொன்ன அதே கணக்குதான்: பழைய எஞ்சின்ல நெருக்கம் கம்மி. மீனவங்களுக்கு அதுக்கு மேல, அதிகக் குதிரைத்திறன் உள்ள மோட்டாருக்கும் தடை இருந்துச்சு. அங்க ஒரு மோட்டார்ல பவர் இல்லன்னா அதுக்குக் காரணம் சிலிண்டருக்குள்ள மட்டும் இல்ல.

*

மாமா தீர்ப்பு சொன்னாரு. "ரெண்டாவது கேஸ்கெட்டை எடுத்துட்டா பிச்சுக்கிட்டுப் போகும். எடுத்துரட்டா?"

எங்க ஆளு கடற்கரைக்காரர் பதறிட்டாரு. "வேண்டாம் அண்ணாச்சி! அதை எடுத்தா பெட்ரோல்லதான ஓட்டணும்? நூறு ரூவாய்க்கு மேல விக்குது. கட்டுப்படியாவாது. அது அப்படியே இருக்கட்டும்."

நான் பழுதுன்னு நினைச்சது அவருக்குப் பழுதே இல்ல. எங்க ஆபீஸ் பாஷையில சொன்னா, அது பக் இல்ல, ஃபீச்சர். பவரைக் கொடுத்துக் காசை மிச்சம் பிடிச்ச கணக்கு அது. முன்னாடி வச்சிருந்த யாரோ போட்ட கணக்கை இவரும் ஒத்துக்கிட்டு ஓட்டறாரு.

அப்படின்னா திடீர்னு இழுவை போனது எதனால? மாமா எக்ஸாஸ்ட் பக்கத்து மூடியைக் கழட்டினாரு. புகை வெளியேற வேண்டிய வாய் பாதிக்கு மேல கரியால அடைச்சுக் கிடந்துச்சு. ரிங்கும் கரியில ஒட்டி அசைய மாட்டேன்னுது. டிவிஎஸ் 50 வச்சிருந்த எல்லாருக்கும் இது தெரிஞ்ச வியாதிதான். சைலன்சர் அடைச்சா பிக்கப் போயிரும், காஸ்டிக் சோடாவுல ஊற வச்சு எடுப்பாங்க. மெதுவா ஓட்டும்போது புகை கம்மி, அடைச்ச வாயே போதும். திருகினா வெளிய போக வழியில்லாம எஞ்சினுக்கு மூச்சு முட்டும். அவர் சொன்ன அறிகுறி அப்படியே பொருந்துது.

"ஆஃப் பண்ணும்போது எதுல ஓடும்?"னு மாமா கேட்டாரு.

"சீமெண்ணெயிலதான் அண்ணாச்சி. அப்படியே அமத்திருவேன்."

"முன்னாடி?"

அவர் கொஞ்சம் தயங்கினாரு. "முன்னாடி கரைக்கு வரும்போது அஞ்சு நிமிசம் பெட்ரோலுக்கு மாத்தி ஓட்டித்தான் அமத்துவோம். விலை ஏறுனதுல இருந்து அதை விட்டாச்சு."

அம்புட்டுதான். கடைசி அஞ்சு நிமிசம் பெட்ரோல்ல ஓட்டினா கார்பரேட்டர்ல, எஞ்சினுக்குள்ள நிக்கற மண்ணெண்ணெய் எரிஞ்சு காலியாகும். பிளக் காயும். மறுநாள் ஈசியாக் கிளம்பும். அதை விட்டதும் அரைகுறையா எரிஞ்சது ஆயிலோட சேர்ந்து கரியாப் படிஞ்சுது. மெதுவா ஓட்டி எண்ணெய் மிச்சம் பிடிச்சதுல இன்னும் கொஞ்சம் படிஞ்சுது. ஒரு டம்ளர் பெட்ரோலை மிச்சம் பிடிக்கப் போய், காத்துல ரெண்டு மணி நேரம் மாட்டினாரு.

குத்தம் சொல்ல எனக்கு வாய் வரல. ரேஷன் மண்ணெண்ணெய் விலையை 2016 ஜூலையில இருந்து கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கிட்டே வந்து, மானியத்தையே கரைச்சாங்க. நமக்கு அது பேப்பர்ல ஒரு பெட்டிச்செய்தி. அவருக்கு அது எக்ஸாஸ்ட் போர்ட்ல படிஞ்ச கரி.

ரெண்டு நாள் மூங்கில் சிம்பு வச்சுச் சுரண்டினோம். பிஸ்டனை மேல ஏத்தி வாயை மறைச்சு வச்சுத்தான் சுரண்டணும், இல்லேன்னா கரி சிலிண்டருக்குள்ள விழும். இரும்பு வச்சுச் சுரண்டினா அலுமினியத்துல கோடு விழும். நாலு ரிங்கும் மாத்தினாரு மாமா. கேஸ்கெட் வழக்கம்போல ரெண்டு, புதுசு.

தொட்டியில ஃபுல் லோடு தெரியாதுன்னு நானும் மாமாவும் மோட்டாரோட வைப்பார் வரைக்கும் போனோம். எங்க ஊர் ஆத்தைக் கடல்ல சேர்ற இடத்துல அன்னிக்குத்தான் முதல் தடவையாப் பாத்தேன். வள்ளத்துல ஏறி, பெட்ரோல்ல கிளப்பி, குழாயை மாத்தித் திருகினாரு. முன்பக்கம் தூக்கிக்கிட்டு அலையில ஏறுச்சு. புது மோட்டார் வேகம் கிடையாது, ஆனா அவர் கணக்குக்குப் போதுமான வேகம்.

திரும்பி வரும்போது கரைக்குக் கொஞ்சம் முன்னாடி அவர் குனிஞ்சு குழாயை மாத்தினாரு. மாமா என்னைப் பாத்து ஒண்ணும் சொல்லல, அஞ்சு நிமிசத்துக்கு வாட்சைத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு.

பி.கு: உங்க ஊர்ல கிருஷ்ணாயில் குடிச்ச வண்டி, பம்புசெட், ஜெனரேட்டர் ஏதாச்சும் இருந்திருந்தா எழுதுங்க மக்களே. ஓட்டினவங்க இருக்கும்போதே எழுதிரணும்.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு யாரும் பைக் டேங்க்ல மண்ணெண்ணெய் ஊத்தாதீங்க. இப்ப வர்ற எஞ்சின்ல நெருக்கம் ஜாஸ்தி. மாமா பட்டறைக்குத்தான் தள்ளிட்டு வரணும்.